நடுராத்திரி மெயிலே சாட்சியா நின்ன கேஸ்: அயர்லாந்து, 2018

வேலை நேரம் சம்பந்தமான தகராறுல பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வாய்ச்சொல் மட்டும் தான் இருக்கும். "தினமும் ராத்திரி வரைக்கும் உக்காந்து வேலை பாத்தேன்"னு இவங்க சொல்வாங்க, "யாரு உங்கள உக்கார சொன்னது"ன்னு அவங்க கேப்பாங்க, அப்படியே இழுத்துட்டே போய் கடைசில ஒண்ணும் நிக்காது. அயர்லாந்து லேபர் கோர்ட்டுக்கு 2018ல அப்பீல்ல வந்த ஒரு கேஸ் மட்டும் வேற தினுசா போச்சு, ஏன்னா அங்க அந்தப் பெண் ஊழியர் கொண்டு வந்து வெச்சது ஒரு மெயில் கட்டு. காலைல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போன மெயில், சாயங்காலம் கடைய கட்டின பிறகு போன மெயில், சிலது நடுராத்திரி பன்னெண்டு தாண்டி போனது. ஒவ்வொண்ணுலயும் நேரம் பதிஞ்சிருக்கு, அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது.

கம்பெனி பேரு கெபாக் கன்வீனியன்ஸ் ஃபுட்ஸ், ரெடிமேட் சாப்பாட்டு அயிட்டம் பண்ற நிறுவனம். ஊழியர் அங்க பிசினஸ் டெவலப்மெண்ட் எக்ஸிக்யூடிவ். 2016 ஜூலைல சேந்து 2017 ஏப்ரல் வரைக்கும் இருந்தாங்க, அதாவது மொத்தமே ஒம்போது மாசம் சொச்சம். ஒப்பந்தத்துல வாரத்துக்கு 40 மணி நேரம்னு இருந்துச்சு, ஆனா நிஜத்துல 60 மணி நேரம் பக்கம் ஓடுச்சுன்னு அவங்க வாதம். அந்த நாட்டு சட்டப்படி சராசரியா வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, அது 1997ல வந்த வேலை நேர ஒழுங்குபடுத்தும் சட்டம். இந்த வருஷத்த கவனிங்க, 1997. பாக்கெட்டுல மெயில் வர்ற காலம் இல்ல அது, ஆபிஸ் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டா வேலை அங்கயே தங்கிடும். அந்தப் பழைய சட்டத்த வெச்சு தான் இந்தப் புதுப் பிரச்சனைய தீத்தாங்க, "டிஸ்கனெக்ட் பண்ற உரிமை", அதாவது வேலை நேரம் முடிஞ்சா ஆபிஸ் மெயிலயும் அழைப்பயும் கண்டுக்காம இருக்கற உரிமைன்னு ஒரு வரி கூட அப்ப அந்த ஊரு சட்டத்துல கிடையாது.

முதல் கட்டத்துலயே, வொர்க்ப்ளேஸ் ரிலேஷன்ஸ் கமிஷன்ல, ஊழியருக்கு சாதகமா முடிவு வந்து 6,240 யூரோ கொடுக்க சொல்லிட்டாங்க. அப்புறம் விஷயம் லேபர் கோர்ட்டுக்கு போச்சு, அங்க தொகை குறையறதுக்கு பதிலா 7,500 யூரோவா ஏறிடுச்சு.

கம்பெனி என்ன சொன்னுச்சுன்னா, இவங்களுக்கு கொடுத்த வேலை மத்தவங்களுக்கு கொடுத்த அதே அளவு தான், மத்த யாருக்கும் 48 மணி நேரத்த தாண்டல, இவங்க மட்டும் தாண்டினாங்கன்னா வேலைய சரியான முறைல செய்யலன்னு அர்த்தம், அப்படின்னு. இந்த வாதம் எந்த ஆபிஸ்ல வேலை பாத்தவங்களுக்கும் புதுசா இருக்காது. "மத்தவங்களால முடியுதே, உங்களுக்கு மட்டும் ஏன் முடியல". கேக்கறப்பவே ஆளு சுருங்கிடுவாங்க, திரும்ப ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, ராத்திரி இன்னும் ஒரு மணி நேரம் சேத்து உக்காருவாங்க. உண்மைய சொல்லணும்னா இந்த வாதம் முழுக்க பொய்யாவும் இருக்கணும்னு இல்ல, ஒருத்தர் மெதுவா வேலை பாக்கலாம், புது ஆளா இருக்கலாம், சாஃப்ட்வேர் கைக்கு வந்திருக்காது. ஆனா கோர்ட்டு கேட்ட கேள்வி அதுவே இல்ல. ஆளு வேகமா மெதுவாங்கறது மேனேஜர் பாக்க வேண்டிய வேலை, சட்டம் கேக்கறது 48 மணி நேரம் தாண்டுச்சா இல்லையா, தாண்டறத நீங்க விட்டீங்களா இல்லையா.

அந்த "விட்டீங்களா" தான் இந்தக் கேஸோட உயிர்நாடின்னு நான் சொல்வேன். சட்டத்தோட 15ஆம் பிரிவு, முதலாளி ஊழியர சராசரி 48 மணி நேரத்துக்கு மேல வேலை செய்ய "அனுமதிக்கக் கூடாது"ன்னு சொல்லுது. கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொல்லல, அனுமதிக்கக் கூடாதுன்னு சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல மலையளவு தூரம் இருக்கு. கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மட்டும் இருந்திருந்தா கம்பெனி ஈஸியா கை கழுவிட்டு போயிருக்கும், நாங்க எங்க சொன்னோம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மெயில் அனுப்புங்கன்னு. ஆனா அனுமதிக்கறதுன்னா சும்மா இருக்கறதும் அனுமதி தான், மௌனம் சம்மதம்னு நம்ம ஆளுங்க சொல்றது தான் இது. மெயில் அவங்க சர்வர் வழியா போகுது, அவங்க சாஃப்ட்வேர்ல பதிவாகுது, ராத்திரி நேரத்துல வேலை நடக்குதுன்னு அவங்களுக்கு தெரியும், தெரிஞ்சும் நிறுத்த எதுவும் பண்ணலன்னு கோர்ட்டு சொல்லிருச்சு.

இன்னொரு விஷயம் இதுக்கு சமமா முக்கியம், அத நிறைய பேரு கவனிக்கறதே இல்ல. அதே சட்டத்துல 25ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ஊழியர் எத்தன மணி நேரம் வேலை பாத்தாங்கன்னு கம்பெனி கணக்கு எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும், வெச்சுக்கலன்னா சட்டத்த மீறலன்னு நிரூபிக்கற பொறுப்பு கம்பெனி தலைல விழுந்துடும். கெபாக்ல அந்தக் கணக்கு இல்ல. இப்ப நிலைமைய யோசிச்சு பாருங்க, ஒரு பக்கம் நேரம் பதிஞ்ச மெயில் கட்டு, இன்னொரு பக்கம் வெறும் கை. சாதாரணமா "நான் அதிக நேரம் வேலை பாத்தேன்"னு நிரூபிக்க வேண்டியது ஊழியர், அங்க தான் முக்கால்வாசி பேரு தோத்துப் போவாங்க. இங்க அது தலைகீழா திரும்பிடுச்சு. என் கருத்து என்னன்னா ஓய்வெடுக்கற உரிமைய பத்தி எவ்வளவு அழகா சட்டம் எழுதினாலும் நேரக் கணக்கு யார் கைல இருக்குங்கறது தான் ஜெயிக்கறதும் தோக்கறதும். மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

அடுத்த வருஷமே ஐரோப்பிய நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்து சேந்துச்சு. 2019 மே 14, ஸ்பெயின்ல ஒரு தொழிற்சங்கம் டாய்ச்ச பேங்க் மேல போட்ட கேஸ்ல, ஒவ்வொரு ஊழியரும் தினமும் எவ்வளவு நேரம் வேலை பாக்கறாங்கன்னு அளக்க ஒரு முறைய முதலாளிங்க வெச்சே ஆகணும், அந்த மாதிரி சட்டத்த நாடுங்க போடணும்னு தீர்ப்பு. ஓவர்டைம் மட்டும் எழுதினா போதாதான்னு கேட்டா, மொத்த நேரத்த எழுதாம எது ஓவர்டைம்னு எப்படி தெரியும், சின்ன கேள்வி தான் ஆனா பதில் சொல்ல முடியாத கேள்வி.

இப்ப அந்த நடுராத்திரி மெயிலுக்கு திரும்ப வருவோம், ஏன்னா 48 மணி நேரம் தவிர அதுல இன்னொரு கணக்கும் ஒளிஞ்சிருக்கு. ஐரோப்பிய வேலை நேர உத்தரவுப்படி ஒரு நாளைக்கு தொடர்ச்சியா 11 மணி நேரம் ஓய்வு வேணும். தொடர்ச்சியாங்கற வார்த்தைய விட்டுடாதீங்க. உதாரணத்துக்கு ஒருத்தர் ராத்திரி 12:15க்கு ஒரு பதில் போட்டுட்டு படுக்கறாரு, காலைல 8 மணிக்கு வேலை, நடுவுல 7 மணி 45 நிமிஷம் தான் இருக்கு. எழுத்துக்கு எழுத்து சட்டத்த படிச்சா அவரு காலைல 11:15க்கு தான் வேலைய தொடங்கணும். ரெண்டு நிமிஷ மெயில் மூணே கால் மணி நேரத்த சாப்பிட்டுடுச்சு. "ஒரே ஒரு மெயில் தானே, ரெண்டு நிமிஷம் தானே"ன்னு சொல்றவங்க இந்தக் கணக்க போடறதே இல்ல, அவங்களுக்கு அது ரெண்டு நிமிஷம், உடம்புக்கு அது நடுவுல வெட்டின தூக்கம். (இந்தக் கணக்க அப்படியே ஆபிஸ்ல போய் சொல்லிடாதீங்க, காலைல பதினொண்ணே காலுக்கு வரேன்னு சொன்னா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க.)

உடம்புன்னு சொன்னதால ஒரு விஷயம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல வெளியிட்ட மதிப்பீட்டுல, 2016ல மட்டும் அதிக நேர வேலை காரணமா பக்கவாதத்துலயும் இதய நோய்லயும் 7,45,000 பேரு இறந்தாங்கன்னு இருக்கு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்கறவங்களுக்கு, 35லேந்து 40 மணி நேரம் பாக்கறவங்கள விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயால சாகற ஆபத்து 17 சதவீதம் கூடுதல். இந்த ஊழியர் சொன்னது வாரத்துக்கு 60, அந்த 55 கோட்ட தாண்டின இடம்.

7,500 யூரோ பெருசா சின்னதா? ஒரு தோராய கணக்கு போட்டு பாத்தேன். அவங்க சொன்ன 60 மணி நேரத்த அப்படியே எடுத்துக்கிட்டா வாரத்துக்கு 20 மணி நேரம் கூடுதல், ஒம்போது மாசத்துக்கு 39 வாரம்னு வெச்சா 780 மணி நேரம். 7,500ஐ அதால வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு 9 யூரோ 60 சென்ட் பக்கம் வரும். 2018ல அந்த நாட்டோட குறைந்தபட்ச கூலி மணிக்கு 9 யூரோ 55 சென்ட். கோர்ட்டு இப்படி மணிக்கணக்குல கூலி போட்டு கொடுக்கல, அது நஷ்டஈடு, ரெண்டும் வேற வேற. இருந்தாலும் ஒரு கம்பெனி கணக்குப்பிள்ளை இடத்துல உக்காந்து பாத்தா, சட்டத்த மீறி மாட்டிக்கிட்டாலும் அந்த நேரத்துக்கு கிட்டத்தட்ட அடிமட்ட கூலி தான் கொடுத்திருக்கோம்னு தோணும். மாட்டாம போனா அதுவும் மிச்சம். இது எனக்கு இந்தக் கேஸ்ல உறுத்தற இடம், ஜெயிச்ச கேஸ்னு எல்லாரும் கொண்டாடறாங்க, ஆனா பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது உறுத்தல், இந்தக் கேஸ் நடக்கறப்ப அவங்க அந்த வேலைல இல்ல. உள்ள இருந்துக்கிட்டே முதலாளி மேல கேஸ் போட எத்தன பேருக்கு தைரியம் வரும், பூனைக்கு மணி கட்டறது யாருங்கற கதை தான். 2004ல ஃபிரான்ஸ்ல வந்த தீர்ப்பும் அப்படி தான், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர், வேலை நேரத்துக்கு வெளில சொந்த மொபைல்ல கூப்பிட்டப்ப எடுக்கலன்னு வேலைய விட்டு தூக்கிட்டாங்க. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வேலை நேரத்துக்கு வெளில சொந்த போன்ல ஆள பிடிக்க முடியலங்கறது ஒரு குத்தமே இல்லன்னு சொல்லிருச்சு. ஸ்மார்ட்போன் பரவலா வராத காலம் அது, சாதா பட்டன் போன். வேலை போன பிறகு தான் அவருக்கும் நியாயம் கிடைச்சது.

2018ஆம் வருஷமே இந்த விஷயத்துல ஒரு மாதிரி திரும்பற வருஷம். பிப்ரவரில ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜியத்து தீயணைப்பு வீரர் ஒருத்தர் கேஸ்ல, கூப்பிட்டா எட்டு நிமிஷத்துக்குள்ள வரணும்னு கட்டுப்பாடு போட்டு வீட்டுல இருக்க சொன்னா அந்தக் காத்திருப்பு நேரமும் வேலை நேரம் தான்னு சொன்னுச்சு. ஜூலைல ஃபிரான்ஸ்ல ரென்டோகில் கம்பெனி, போன எப்பவும் ஆன்ல வெச்சிருக்கணும்னு எதிர்பாக்கப்பட்ட ஒரு முன்னாள் ஊழியருக்கு 60,000 யூரோவுக்கு மேல கொடுக்க வேண்டி வந்துச்சு, ஏன்னா அப்படி தயாரா இருக்கறதுக்கு தனியா பணம் கொடுத்திருக்கணும், கொடுக்கல. கெபாக் தொகைய இதோட வெச்சு பாத்தா வித்தியாசம் புரியும். ரென்டோகில் கேஸ்ல பேச்சு எத்தன மெயில் அனுப்புனாருங்கறது இல்ல, கூப்பிடலாங்கற எதிர்பார்ப்பே ஆள கட்டிப் போடுதுங்கறது. போன் அடிக்காத ராத்திரியும் போன் பக்கத்துலயே கிடக்கற ராத்திரி தான். மேலதிகாரி மெசேஜ் வந்தா உடனே பதில் போடணும்னு உள்ளுக்குள்ள அரிக்கற இந்த அரிப்புக்கு 2015லயே லாரிசா பார்பர், அலீசியா சான்டூஸின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் டெலிபிரஷர்னு பேரு வெச்சுட்டாங்க.

கேஸுக்கு அப்புறம் அயர்லாந்துல என்ன மாறுச்சுன்னா, 2021 ஏப்ரல் 1லேந்து ஒரு நடைமுறை விதித்தொகுப்பு வந்துச்சு. வழக்கமா வேலை நேரத்துக்கு வெளில வேலை பாக்காம இருக்கற உரிமை, அப்படி மறுத்ததுக்காக பழிவாங்கப்படாம இருக்கற உரிமை, இந்த ரெண்டோட மூணாவதா அடுத்தவங்க ஓய்வ மதிக்கற கடமைன்னு ஒண்ண சேத்தாங்க. அந்த மூணாவது எனக்கு ரொம்ப பிடிச்சது. ஏன்னா முதலாளிய மட்டும் வில்லனா காட்டி தப்பிச்சுக்க முடியாது, ராத்திரி பதினொரு மணிக்கு "அர்ஜெண்ட் இல்ல, நாளைக்கு பாத்தா போதும்"னு மெசேஜ் போடறது நம்ம கூட வேலை பாக்கறவங்க தான், சில சமயம் நாமளே தான், நானே போட்டிருக்கேன். நாளைக்கு பாத்தா போதும்னா நாளைக்கே அனுப்பலாமே, காலைல எட்டு மணிக்கு போகற மாதிரி ஷெட்யூல் பண்ற பட்டன் பக்கத்துலயே இருக்கு. நம்ம மண்டைலேந்து இறக்கி வெக்கறதுக்காக அடுத்தவங்க தலையணை மேல வெச்சுட்டு போறோம். அந்தத் தொகுப்ப மீறினா அதுவே தனி குத்தம் ஆகாது, ஆனா கோர்ட்டுல ஆதாரமா காட்டலாம்.

மத்த நாடுங்க வேற வேற வழில போனாங்க. ஃபிரான்ஸ் 2017 ஜனவரி 1லேந்து, 50 பேரும் அதுக்கு மேலயும் இருக்கற கம்பெனில இந்த டிஸ்கனெக்ட் உரிமைய எப்படி நடைமுறைப்படுத்தறதுன்னு பேச்சுவார்த்தை நடத்தி தீர்மானிக்கணும்னு சொன்னுச்சு. ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட் 26லேந்து, நியாயமில்லாத மறுப்பா இல்லாத வரைக்கும் வேலை நேரத்துக்கு வெளில வர்ற அழைப்ப பாக்கவும் பதில் சொல்லவும் மறுக்கலாம்னு சொல்லுது, எது நியாயமில்லாததுன்னு முடிவு பண்ண எதுக்கு கூப்பிட்டாங்க, அந்த நேரத்துக்கு காசு உண்டா, ஆளோட பதவி என்ன, குடும்ப பொறுப்பு என்னன்னு பாக்கணும். போர்ச்சுகல் 2022 ஜனவரிலேந்து ஆட்டத்தயே திருப்பி போட்டுச்சு, ஊழியருக்கு எடுக்காம இருக்கற உரிமைன்னு சொல்லாம முதலாளிக்கு கூப்பிடாம இருக்கற கடமைன்னு எழுதிட்டாங்க, அவசர நிலை மட்டும் விலக்கு. கெபாக் தீர்ப்புக்கு கொள்கையளவுல ரொம்ப கிட்ட இருக்கறது இது தான்னு நினைக்கறேன், ரெண்டுமே ஊழியர் தைரியத்த நம்பி நிக்கல. எடுக்காம இருக்கற உரிமை இருந்தாலும் அத பயன்படுத்தறவங்க மேல ஒரு பார்வை விழும், அடுத்த ப்ரமோஷன் லிஸ்ட்ல பேரு கீழ போகும், அத எந்த கோர்ட்டுல நிரூபிக்கறது.

சட்டம் இல்லாமயே டெக்னாலஜி வெச்சு பண்ணவங்களும் உண்டு. ஜெர்மனில ஃபோக்ஸ்வேகன் 2011ல, ஷிஃப்ட் முடிஞ்சு அரை மணி நேரத்துல ஒரு பகுதி ஊழியர்களோட பிளாக்பெர்ரிக்கு மெயில் போறத சர்வர்லயே நிறுத்தி, அடுத்த நாள் ஷிஃப்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி திறந்து விட்டாங்க. டைம்லர் 2014ல, லீவுல இருக்கறவங்களுக்கு வர்ற மெயில விரும்பினா தானாவே அழிச்சுட்டு அனுப்பினவங்களுக்கு வேற ஆள பாருங்கன்னு பதில் போற மாதிரி வெச்சாங்க. லீவு முடிஞ்சு வந்தா நானூறு மெயில் குவிஞ்சு கிடக்கற அந்த முதல் நாள் பயத்துக்கு இத விட நல்ல மருந்து நான் கேள்விப்பட்டதில்ல.

ஆனா இதெல்லாம் மெயில் காலத்து பூட்டு. கெபாக் கேஸ் இன்னைக்கு நடந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சா எனக்கு கொஞ்சம் கலக்கமா இருக்கு. அந்த கேஸ் நின்னதே மெயில் கம்பெனி சர்வர் வழியா போனதால, நேரம் பதிஞ்சதால, கம்பெனிக்கு தெரிஞ்சிருக்கும்னு சொல்ல முடிஞ்சதால. இப்ப வேலை பாதி வாட்ஸாப் குரூப்ல நடக்குது, சொந்த போன், சொந்த நம்பர், மேனேஜர் வாய்ஸ் கால் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ஒரு மணி நேர வேலைய சொல்லிட்டு வெச்சுடுவாரு, சில குரூப்ல மெசேஜ் ஏழு நாள்ல தானா அழிஞ்சுடும். குரூப்ல யாரையும் பேர் சொல்லி கூப்பிடவும் மாட்டாங்க, "யாராவது கொஞ்சம் பாருங்கப்பா"ன்னு பொதுவா போடுவாங்க, நீல டிக் விழுந்தா மாட்டுவோம்னு பயந்து முதல்ல பாத்த ஆளு செஞ்சு முடிப்பாரு. நாளைக்கு கேட்டா கம்பெனி சொல்லும், எங்க சிஸ்டத்துல அந்த நேரத்துல எதுவும் பதிவாகல, அந்த ஆப்ப நாங்க கொடுக்கவே இல்லன்னு.

அதனால இந்தக் கேஸ படிச்சுட்டு நான் பண்ண ஒரே வேலை, ஒரு சின்ன நோட்டுல தேதி, கூப்பிட்ட நேரம், யாரு, என்ன வேலை, எத்தன நிமிஷம்னு எழுத ஆரம்பிச்சது. ராத்திரி குரூப்ல ஏதாவது வந்து செஞ்சு கொடுத்தா, முடிச்ச உடனே "நீங்க 10:40க்கு கேட்டது 11:25க்கு முடிஞ்சது"ன்னு ஆபிஸ் மெயில்ல ஒரு வரி அனுப்பிடறேன். சண்டைக்கு போற தொனில இல்ல, தகவல் சொல்ற தொனில தான். மூணாவது வாரத்துலயே மேனேஜர் கூப்பிட்டு, "எதுக்குப்பா இத மெயில்ல எல்லாம் போடற"ன்னு கேட்டாரு.